குகைக்கு வெளியே நின்ற அப்பா

கட்டாரிலிருந்து லீவில் வந்த ஐந்தாம் நாள், மனைவியையும் பிள்ளைகளையும் குகை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். கரவெட்டிக்கு அப்பால் பற்றைக்காட்டுக்குள் இருக்கும் சுண்ணாம்புக்கல் குகை அது. போவோம் என்று சொன்னது நான்தான். வீட்டில் பிள்ளைகள் என்னைக் கண்டால் ஆளுக்கொரு பக்கமாக நழுவிவிடுகிறார்கள். புது இடத்துக்குப் போனால் என்னோடு ஒட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

மகள் பிறந்து முப்பத்தோராம் நாள் கழிந்த கிழமை நான் கட்டாருக்கு வெளிக்கிட்டது. இப்போது அவளுக்கு நாலரை வயது. இடையில் ஒரு தடவைகூட வர வாய்க்கவில்லை. மகனுக்கு எட்டு. எதைக் கேட்டாலும் "ஓம் அப்பா", "இல்லை அப்பா" என்று வாத்தியாருக்குச் சொல்வதுபோலப் பதில் சொல்வான். மகளிடம் அதுவும் இல்லை. நான் வாயைத் திறந்தால் தாயின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

ஓட்டோ எங்களை இறக்கிவிட்ட இடத்திலிருந்து கால் மணி நேர நடை. பாதையில் காரை முள்ளு. தூக்கட்டுமா என்று மகளிடம் கையை நீட்டினேன். "நான் நடப்பன்" என்று தாயைப் பார்த்துச் சொன்னாள்.

குகையின் கூரையில் ஒரு பகுதி எப்போதோ இடிந்து விழுந்திருந்தது. அந்த ஓட்டையால் வெயிலும் ஆலம் விழுதுகளும் உள்ளே இறங்கின. நான் ரோச் லைற்றோடு மகனைக் கூட்டிக்கொண்டு இருட்டுப் பக்கம் போனேன். கொஞ்ச தூரத்தில் என் சேட்டின் பின்பக்கத்தை அவன் பிடித்திருப்பது தெரிந்தது. நான் பேசாமல் நடந்திருக்கலாம்.

"பயமா இருக்கோ?" என்று கேட்டேன்.

"இல்லை அப்பா" என்றான். கையை எடுத்துவிட்டான்.

திரும்பி வந்தபோது மகள் வெளிச்சம் விழும் இடத்தில் நின்று, கூரையில் தொங்கிய வௌவால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் வந்த பிறகு கண்டதில்லை.

"அம்மா, அப்பாவுக்குப் போன் எடுங்கோ. வௌவால் காட்டோணும்."

மனைவி சிரிக்கப் பார்த்தாள். "அப்பா இஞ்சைதானே நிக்கிறார். உவருக்குக் காட்டன்."

மகள் என்னை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். "உவர் இல்லை. போன் அப்பாவுக்கு."

மனைவி அவளை அதட்ட வாயெடுத்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். "எடும். நான் வெளியில நிக்கிறன்."

குகையைவிட்டு மேலே ஏறி, ஒரு விளாத்தி மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். வீடியோ அழைப்பு வந்தது. திரையில் மகளின் முகம்.

"அப்பா! இஞ்சை பாருங்கோ, எல்லாம் தலைகீழா நித்திரை கொள்ளுதுகள்!"

நான் தினமும் கேட்ட குரல் அது. வந்து ஐந்து நாளாக அந்த வீட்டில் தேடியும் அது எனக்குக் கிடைக்கவில்லை. வௌவால், விழுது, அண்ணை இருட்டுக்குள் போனது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கீழே குகைக்குள் அவள் கத்துவது காதிலும் விழுந்தது. அதே சொற்கள் ஒரு நொடி பிந்திப் போனிலும் வந்தன.

"உங்கை, உங்களுக்குப் பக்கத்தில என்ன மரம்? உங்கையும் காடோ?"

"ஓம் பிள்ளை, இங்கையும் காடுதான்."

"சாப்பிட்டீங்களோ? எப்ப வருவீங்கள்?"

கெதியா வாறன் என்றேன். நாலரை வருடமாகச் சொல்லிப் பழகிய பதில். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அழைப்பு முடிந்தும் நான் கீழே போகவில்லை. போய் எப்படி நிற்பது என்று தெரியவில்லை. கடைசியில் மகன்தான் ஏறி வந்தான். "அம்மா சாப்பிட வரட்டாம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு முன்னால் நடந்தான்.

கல்லில் இருந்து புட்டும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டோம். மகள் தாயின் மற்றப் பக்கத்தில் இருந்தாள். மனைவி என் பங்கில் இன்னொரு துண்டு முட்டையை வைத்து, "போகப் போகச் சரிவரும்" என்றாள். எனக்கு லீவில் பதினாறு நாள் மிச்சம் இருந்தது.

சரிவந்தது என்று சொல்ல முடியாது. அடுத்த கிழமை மகள் கிணற்றடியில் தன் காலைக் கழுவிவிட என்னை விட்டாள். மனைவி என்னை "இஞ்சேருங்கோ" என்று கூப்பிடுவதைக் கேட்டு, அவளும் ஒருநாள் "இஞ்சேருங்கோ, தண்ணி" என்றாள். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள், நானும் சிரித்தேன். அப்பா என்று ஒருநாளும் கூப்பிடவில்லை.

நான் போகும் நாள் மத்தியானம் எயார்போட்டுக்குப் போக வான் வந்தபோது அவள் நித்திரை. எழுப்பட்டோ என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன்.