துர்காவுக்கு ஒரு கண் பாக்கி

நோயாளிக் குழந்தைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்கப் போகிறவருக்கு முதல் தகுதி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவத் தெரிவது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, ஞாயிறுதோறும் டாலிகஞ்சிலிருந்து அலிப்பூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் புற்றுநோய்க் குழந்தைகள் வார்டுக்குக் கிளம்பினேன். என்னைப் போல ஆர்வக்கோளாறில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இராது.

ஜிகினா

முதல் நாள் ஜிகினாத் தூள், பஞ்சு, காய்ந்த பூ என்று ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி போய் இறங்கினேன். கிருமி ஒட்டுகிற எதுவும் அந்தப் பிள்ளைகள் பக்கம் போகக் கூடாதாம். அட்டை, ஸ்கெட்ச் பேனா, மழுங்கின கத்தரிக்கோல் மட்டும் பிழைத்தன. ஹெட் சிஸ்டர் ஜிகினாப் பாக்கெட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"ஒவ்வொரு துகளையும் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுக் கொண்டு வாங்க, விடறேன்."

ஒரே ஆள்

எட்டு வயது தியாவுக்கு வலது கையில் ட்ரிப். பக்கத்துப் படுக்கை பாபாய்க்கு இடது கையில். ஒற்றைக் கையால் எப்படி அட்டை வெட்டுவது? தியா பிடித்துக்கொள்ள, பாபாய் வெட்டினான். மருந்து சொட்டுகிற நிதானத்தில்தான் கத்தரியும் நகரும். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை மேகம் அதைவிட மெதுவாக நகரும். அங்கே ஒரு மணி நேரம் எப்படிப் போகிறதென்று எனக்கு ஒரு நாளும் புரிந்ததில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும். பாபாய்தான் எழுப்புவான். அங்கே எல்லாருக்கும் நான் மாஷி, நம்ம சித்தி முறை.

"மாஷி, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு ஆள். பிஸ்கட் மட்டும் ரெண்டு ஆளுக்கு."

அவசரக் கண்

துர்கா பூஜை நெருங்கியது. இருவரும் சேர்ந்து அட்டையில் ஒரு துர்கா செய்தார்கள். ரத்த எண்ணிக்கை ஏறினால் பூஜைக்கு வீட்டுக்குப் போகலாமென்று டாக்டர் தியாவிடம் சொல்லியிருந்தார். போகிற அன்றைக்குக் கண் எழுத வேண்டுமென்று அவள் மனசுக்குள் வைத்திருந்தாள். எனக்கு எங்கே தெரியும்? மிச்ச வேலையை முடித்துத் தரலாமென்று துர்காவின் அட்டை முகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் மூன்று கண்ணும் அழகாக எழுதி வந்துவிட்டேன்.

பார்த்ததும் தியா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்த ஊரில் துர்காவுக்குக் கண் கடைசியில்தான், அதுவும் நாள் பார்த்து. கடையிலிருந்து கண்ணோடு வருகிற கொலு பொம்மைகளைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அது உறைக்கவில்லை. சே, என்ன காரியம் செய்தேன்! வெள்ளைத் தாள் வெட்டி மூன்று கண்ணையும் மூடி ஒட்டினேன். வெகுநேரம் கழித்துத் திரும்பினாள்.

"பரவால்ல மாஷி, அவ இன்னும் கொஞ்ச நாள் தூங்கட்டும்."

பாக்கி

எண்ணிக்கை ஏறவில்லை. பூஜை தொடங்கிய சஷ்டியன்று, ஞாயிறு இல்லாவிட்டாலும் போனேன். தெருப் பந்தலிலிருந்து மேளச் சத்தம் ஜன்னல் வழியாக மிதந்து வந்தது. தியா அழவில்லை, மாஸ்க்குக்குள் நான்தான் அழுதேன். இடது கையில் பேனாவை வாங்கி, நெற்றிக் கண்ணை மட்டும் கோணலாக எழுதினாள். எங்களைப் பார்த்துக்கொள்ள இப்போதைக்கு அது போதும் என்றாள்.

ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து, காளி பூஜைக்கு நாலு நாள் முன்னால், வீட்டுக்குப் போகலாமென்று டாக்டர் சரி சொன்னார். அவள் அப்பா பையோடு வாசலில் நிற்க, தியா இரண்டாவது கண்ணை எழுதினாள். மூன்றாவதுக்கு வந்ததும் பேனாவை மூடி பாபாய் கையில் வைத்தாள்.

"இது நீ வீட்டுக்குப் போற அன்னிக்கு."

வெட்டவும் ஒட்டவும் சொல்லிக்கொடுக்கப் போன நான் இதுவரை ஒழுங்காகக் கற்றுக்கொண்டது, கை கழுவுவதும், அடுத்தவர் எழுத வேண்டிய கண்ணில் கை வைக்காமல் இருப்பதும்தான்.