மான் இல்லாத கூண்டு

தஞ்சாவூர் மார்க்கெட்டில் இன்று ஒரு அகத்திக்கீரைக் கட்டைக் கையில் எடுத்ததும், சின்ன வயதில் பார்த்த மான் கூண்டின் நாற்றம் மூக்கில் ஏறியது. துபாயிலிருந்து லீவில் வரும் அப்பா, திரும்பிப் போவதற்கு முதல் நாள்தான் எங்களைச் சிறுவர் பூங்காவுக்குக் கூட்டிப்போவார். துருவேறிய கம்பிவலையில் நாங்கள் கீரையைச் செருக, மான்கள் ஈர உதட்டால் அதை இழுத்துத் தின்ன, எங்கோ ஒரு மயில் கத்த, அப்பா மானைப் பார்க்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அப்பா கேட்டா நல்லா இருந்துச்சுன்னு சொல்லணும், அழக் கூடாது" என்று அம்மா பஸ்ஸிலேயே அவர் காதில் விழாமல் சொல்லிவைத்திருப்பாள். அப்படியே சொல்வோம். அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டுதான் அடுத்த லீவு வரை அவர் அங்கே காலம் தள்ளினார்.

இப்போது என் லீவும் முடிந்து, நாளை எனக்கு ஃப்ளைட். அதே கீரைக் கட்டோடு மனைவியையும் மகளையும் அந்தப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் பெயர்ப்பலகை புதுசு. உள்ளே மிருகம் ஒன்றுகூட இல்லை. மான் கூண்டில் இடுப்பளவு புல் மண்டிக் கிடந்தது. மகள் வலையில் கீரையைச் செருகிவிட்டு வெகுநேரம் காத்து நின்றாள்.

நான் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் அவள் தன் அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, என் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா."