குப்பு மேல் விழுந்த வெளிச்சம்

இருசம்மாளுக்குப் பயம்னா இன்னான்னே தெரியாதுன்னு பழவேற்காட்டுல சொல்லுவாங்க. சொல்றவங்களுக்கு இன்னா தெரியும்? நடு ஏரியில காத்து திரும்பினாலும் அசராம படகு தள்ளுவா. சந்தையில எவனாவது வம்புக்கு வந்தா, மீன் கூடையை இறக்கி வெச்சுட்டு நாலு கேள்வி கேட்டுத்தான் அனுப்புவா. அதெல்லாம் சரி. நாலு வயசு மக ஒரு தும்மல் தும்மினாப் போதும், அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

காரணம் இல்லாம இல்லை. குப்புவுக்கு முன்னால மூணு பிறந்துச்சு. மூணும் மூக்கும் முழியுமா இருந்துச்சு, மூணும் ஒரு வயசு தாண்டலை. அழகா இருந்தா எமன் கண்ணுல படாம இருக்குமான்னு ஊரே சொல்லுச்சு. அதனால இவ பிறந்ததும் குப்பையில புரட்டி எடுத்து, குப்புன்னு பேர் வெச்சு, மூக்கையும் குத்தினாங்க. தலைக்கு எண்ணெய் கிடையாது. கன்னத்துல கருகருன்னு மை, நெத்தியில சாம்பல். பெத்தவ வாயால ஒரு நாள் கொஞ்சினதில்லை. மனசுக்குள்ள கொஞ்சுறதுக்கே பயம்!

இப்படி மறைச்சு வெச்ச பிள்ளைதான் ஹென்ட்ரிக் துரை கண்ணுல பட்டுச்சு. உலாந்தாக்காரங்க, அதான் டச்சுக்காரங்க, அவங்க கோட்டைக்குக் கப்பல்ல வந்த மனுஷன், படம் எழுதுறவர். இந்த ஊர்ப் பிள்ளை ஒண்ணை எழுதணுமாம். துரை பேச்சை நம்ம பேச்சுல மாத்திச் சொல்ற துபாஷி ஞானதாஸ் வந்து சொன்னார். கோட்டையிலிருந்து ஆள் வந்தா யாரு முடியாதுன்னு சொல்றது? பஞ்ச காலத்துல அவங்க கப்பல்லதான் பிள்ளைகளை அடிமையா ஏத்திக்கிட்டுப் போனதை இருசம்மா கண்ணால பார்த்தவ. தலையை ஆட்டிட்டா.

அஞ்சு நாள் காலையில, ஏரிக்கரைப் பூவரச மரத்தடியில வேலை நடந்துச்சு. உச்சி வெயில் ஆகாது, கண்ணுக்குக் கீழே குழி விழும்னார் துரை. பிள்ளையை நிழல்ல உட்கார வெச்சு, எதிர்ல வெள்ளைக் கப்பல்பாய்த் துணி ஒண்ணை விரிச்சுப் பிடிக்கச் சொன்னார். வெயில் அதுல பட்டு, முகத்துக்கு மெத்துன்னு திரும்புமாம். பிடிச்சது யாருங்கறீங்க? ஊரையே அதட்டுற ஞானதாஸ்தான்! கை கடுக்க நின்னார். எழுதுறது தன்னைத்தான்னு குப்புவுக்கு யாரும் சொல்லலை. இருசம்மா மரத்துக்குப் பின்னால முந்தானையைக் கடிச்சுக்கிட்டு நின்னா.

அஞ்சாம் நாள், படம் முடிஞ்சுது, வந்து பாருன்னு கூப்பிட்டாங்க.

பார்த்தா. படத்துல முதல்ல எழுதியிருந்த கன்னத்து மையைக் கத்தியால சுரண்டி எடுத்து, சாம்பல் மேல சாயம் பூசி, மூக்குத் தழும்பை மறைச்சு, பறட்டைத் தலையையும் படிய வெச்சிருந்தார் மனுஷன். நாலு வருஷமா அவ பாடுபட்டு அப்பின அழுக்குல ஒரு பொட்டுகூட பாக்கியில்லை. கன்னம் ரெண்டும் பளபளன்னு இருந்துச்சு.

"ஐயா, அந்த மையை வெக்கச் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

ஞானதாஸ் துரைகிட்ட பேசிட்டுத் திரும்பினார். "கறை வெச்சா வெளிச்சம் கெட்டுடும்னு சொல்றார்."

"அப்ப அந்த வெளிச்சத்தையே எடுத்துடச் சொல்லுங்க ஐயா! எம் புள்ள எனக்குத் தங்காது!"

"வாயைக் கழுவு, இருசம்மா! நாளைக்குப் படம் கப்பல் ஏறுது. அவங்க தேசத்துல ஆயிரம் பேர் பார்க்கப் போறாங்க. பெருமைப்படுவியா, அத்த வுட்டுட்டு."

ஆயிரம் பேரா! அத்தனை கண்ணும் படுமே! அதுக்குள்ள கோட்டை ஆளுங்க நாலஞ்சு பேர் வந்து படத்தைச் சுத்தி நின்னு ஆகா ஓகோன்னாங்க. ஒவ்வொரு ஆகாவும் நெஞ்சுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. மக கையைப் பிடிச்சு இழுத்தா. பிள்ளை நகரலை. வாயைப் பொளந்துக்கிட்டுப் படத்தையே பார்த்துச்சு. வீட்டுல கண்ணாடி ஏது, அது தன் மூஞ்சியை எங்கே கண்டுச்சு?

"யம்மா, அது யாரு?"

இருசம்மா சுத்துமுத்தும் பார்த்தா. "யாரோ. கோட்டையில கீற புள்ள."

"அழகா கீதில்ல?"

அடுத்த வீட்டுப் பிள்ளைன்னு சொல்லிக் கொஞ்சினா தன் பிள்ளை மேல எந்தக் கண்ணும் படாதே! குனிஞ்சு மக காதுல சொன்னா. "ஆமாண்டி. ரொம்ப அழகு. அந்தக் கண்ணப் பாரு. கன்னத்தப் பாரு, புட்டு மாதிரி. இத்தப் பெத்தவ இன்னா தவம் பண்ணாளோ. பார்த்துக்கினே இருக்கலாம் போலக் கீது." சொல்லச் சொல்லக் கண்ணுல தண்ணி வந்துச்சு.

குப்பு திரும்பி அவ மூஞ்சியைப் பார்த்துச்சு.

"நானு?"

"நீ கண்றாவியா கீற, வா"ன்னு சொல்லி, முந்தானையால மகளை மூடித் தூக்கிக்கிட்டு இருசம்மா விறுவிறுன்னு வீட்டைப் பார்த்து நடந்தா.