தடுப்புத் தகடு

பால் கவரைக் கழுவிக் காயப்போடுவது பெரியவளின் வேலை. வேறு யாரும் அதில் கை வைத்தால் அவளுக்குப் பிடிக்காது. பாத்திரம் அலசிய தண்ணீரில் ஒரு முக்கு, நல்ல தண்ணீரில் ஒரு உதறு, பிறகு துணி கிளிப். சமையலறைச் சன்னல் கம்பியில் வெள்ளைக் கவர்கள் எப்போதும் வரிசையாகத் தொங்கும். பச்சை வாளிக்குள் ஒரு சாக்லேட் தாள் கிடந்தால் போதும், வீட்டையே நிற்கவைத்து விசாரணை நடத்துவாள். அப்பா அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருந்தார்.

இந்தப் பைத்தியத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவரே அப்பாதான். குப்பை லாரி டிரைவர். அதற்கு முன் செங்கல், மணல், மாட்டுத் தீவனம் என்று எதையெதையோ ஏற்றி ஓட்டியவர். குப்பை வண்டிக்கு வந்த புதிதில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "வண்டிதான்" என்று மழுப்புவார். புது லாரி வந்த பிறகுதான் வாய் திறந்தது. நடுவில் இரும்புத் தகடு தடுத்த லாரி. ஒரு பக்கம் ஈரக் குப்பை, மறு பக்கம் காய்ந்த குப்பை. அன்று மாலையே ஈரத்துக்குப் பச்சையில் ஒன்று, காய்ந்ததற்கு நீலத்தில் ஒன்று என வாளிகள் வாங்கி வந்து, பிள்ளைகள் இருவரையும் உட்காரவைத்து, வெங்காயத் தோலையும் பேனா மூடியையும் காட்டிப் பாடம் நடத்தினார்.

"நம்ம வீட்டுக் குப்பையே கலந்து வந்தா, ஊர்ல எவனை நான் கேக்க முடியும்?"

"வேலையை வீட்டுக்குக் கொண்டுவராதீங்கன்னு சொன்னா, வாளியோடவே வந்துட்டாரு பாரு" என்று மனைவி சிரித்தாள்.

தகடு துருப்பிடித்தது. வளைந்தது. ஒருநாள் குப்பையை அழுத்துகிற இயந்திரத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. மேஸ்திரி கழற்றச் சொன்னார். புதுசு வரும் என்றார். வரவில்லை. அதன்பிறகு எல்லாம் ஒன்றாக விழுந்து, ஒன்றாக நசுங்கி, குப்பை மேட்டில் ஒன்றாகக் கொட்டப்பட்டது. டிரைவர் இதை மனைவியிடம் மட்டும் சொன்னார். அவள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"புள்ளைங்ககிட்ட சொல்லிடாதீங்க. இப்பத்தான் பழக்கம் படிஞ்சிருக்கு. எப்படியும் தகடு வந்துடும்ல?"

வந்துவிடும் என்றுதான் அவரும் நினைத்தார். நினைத்துக்கொண்டே இருந்ததில் ஒரு மழைக்காலம் போய்விட்டது. சமையலறைக்குள் வந்தால் சன்னல் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை சின்னவளின் மூக்குக் கண்ணாடியைக் காணோம். நீல வாளி மேல் கழற்றி வைத்ததாக அவளுக்கே ஞாபகம் வந்தது. வாளி காலி, குப்பையை வண்டிக்காரர்கள் வாங்கிப் போயிருந்தார்கள். கண்ணாடி இல்லையென்றால் கதவென்று நினைத்துச் சுவரில் முட்டிக்கொள்கிறவள் அவள். அழுது ஊரைக் கூட்டினாள்.

பெரியவள் அசரவில்லை. "எதுக்குடி அழற? காய்ஞ்ச பக்கம்தானே போயிருக்கும். அழுக்குகூட ஆகியிருக்காது. எடுத்துட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். "ஏய், நில்லு, நில்லுடி!" என்று அம்மா வாசலுக்கு வருவதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.

அப்பாவின் லாரி அடுத்த தெருவில் நின்றிருந்தது. பின்னால் கூடை கவிழ்ப்பவருக்கு ஒல்லி என்று பட்டப்பெயர். தொப்பையைப் பார்த்து யாரோ வைத்தது.

"மாமா, காய்ஞ்ச பக்கத்தைக் கொஞ்சம் திறங்க. தங்கச்சி கண்ணாடி உள்ள போயிடுச்சு."

"பக்கமா? வண்டிக்கு இப்ப ஒரே வயிறுதான் பாப்பா. தகடைக் கழட்டிக் கடாசி எவ்வளவோ நாளாச்சு. அப்பா சொல்லலையா?"

டிரைவர் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தார். மகள் குதிகாலை உயர்த்தி உள்ளே எட்டிப் பார்த்தாள். பழைய சோறு, குழந்தைத் துணி, அழுகின தக்காளி. நடுவில் யார் வீட்டிலோ கழுவி மடித்த கவர்கள். பிறகு நிமிர்ந்து அதே கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள். இறங்கலாம் என்று அவர் கதவில் கை வைத்தார். பின்னால் ஒரு கார் ஹாரனை விடாமல் அமுக்கியது. கியரைப் போட்டார்.

மாலை அவர் வீட்டுக்கு வந்தபோது கவரைக் கழுவிக்கொண்டிருந்தது மனைவி. பெரியவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்ஸ்பெக்டரே, தங்கச்சிக்குப் புதுக் கண்ணாடி சொல்லிட்டேன்."

"அப்படிக் கூப்பிடாதீங்க."

பெரியவள் ஸ்டூலில் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எதிர் வீட்டு ஆன்ட்டி கலந்து போட்டாங்கன்னு தெருவுல வச்சு சண்டை போட்டேன். எங்கப்பா வண்டியில ரெண்டு பக்கம் இருக்குன்னு சொன்னேன். அவ்வளவு பெரியவங்க, என்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்கப்பா."

அவர் சுவரில் சாய்ந்தார்.

"அம்மா, உனக்கும் தெரியுமா?"

மனைவி குழாயை மூடினாள். "தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேவா கழுவுற?"

"கழுவாம எப்படிடி போடறது?" என்றாள் மனைவி. கையிலிருந்த கவரை மறுபடி ஒருமுறை உதறினாள்.

"தகடு வரும்மா," என்றார் டிரைவர். "திங்கக்கிழமை மேஸ்திரியைப் போய்ப் பிடிக்கிறேன்." அந்த மேஸ்திரி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

சின்னவள் சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தாள். கையில் காலி பிஸ்கட் கவர். வாளிகள் இருந்த இருட்டு மூலையில் குனிந்து, கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"அக்கா, கலர் தெரியலை. இது எந்த வாளி?"

பெரியவள் நகரவில்லை. "அப்பாவைக் கேளு" என்றாள்.

சின்னவள் கவரை நீட்டிக்கொண்டு அவர் நின்ற பக்கம் திரும்பினாள். மனைவியும் பார்த்தாள். டிரைவர் கதவின் மேல் கிடந்த துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைப் பக்கம் நடந்தார்.

"அப்பா, எந்த வாளிப்பா?"