தங்கைக்குப் போன சாவி

அந்தச் சலவைக் கடையின் பின்னறையில் மூன்று இஸ்திரி மேசைகள் இருந்தன. ஒன்றில் அம்மா நிற்பாள், மற்ற இரண்டில் மகள்கள். வெளியே போய் வருகிற ஒரே ஆள் அப்பாதான். துவைத்து மடித்த விரிப்புகளைக் காரில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கும் இரண்டு விடுதிகளுக்கும் போவார். அழுக்கு மூட்டைகளோடு திரும்புவார். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது தோளை முறித்துக்கொண்டார். ஆறு மாதம் ஸ்டீயரிங் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மகள்கள் இருவரில் யார் முதலில் லைசென்ஸ் எடுக்கிறார்களோ அவர்களிடம் சாவி என்றார் அப்பா.

பெரியவளுக்குப் பத்தொன்பது வயது, சின்னவளுக்குப் பதினெட்டு. சாவி யாருக்கு என்பதில் பெரியவளுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. அந்த வீட்டில் எதுவும் அவளிடம் வந்த பிறகுதான் தங்கையிடம் போகும். சட்டை, சைக்கிள், பாடப்புத்தகம் எல்லாம் அப்படித்தான். சின்னவளும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை.

பரீட்சை அன்று பெரியவள் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தை இடித்தாள். சின்னவளோ சீட்டைச் சரிசெய்து, மூன்று கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, பெல்ட் போட்டு, ஆற அமர வண்டியைக் கிளப்பினாள். பார்த்துக்கொண்டிருந்த பெரியவளுக்குத் தூக்கமே வந்துவிட்டது. கடைசியில் தேறியது சின்னவள்தான். பெரியவள் இரண்டாம் முறை போனபோது கம்பம் தப்பியது, ஆனால் அவள் தேறவில்லை. "வண்டி நல்லாத்தான் ஓட்டுறே. கண்ணாடியைத்தான் பார்க்கவே மாட்டேங்கிறே" என்றார் அதிகாரி.

அன்றிலிருந்து அவள் வயிற்றில் ஒரு அடுப்பு எரியத் தொடங்கியது. காலை பத்து மணிக்கு சின்னவள் சாவியைச் சுழற்றிக்கொண்டு கிளம்புவாள். பெரியவள் நீராவியில் முகம் வியர்த்து, தலையணை உறைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்பாள். தங்கை திரும்பி வரும்போது காற்றில் கலைந்த தலையும் நூறு கதைகளும் கூடவே வரும். மருத்துவமனையில் துணிக்கிடங்கைப் பார்த்துக்கொள்கிற ஒரு வயதான பெண் அவளுக்கென்று ஆப்பிள் எடுத்து வைக்கிறாளாம். சாப்பிடும்போது அப்பா எந்தத் தெருவில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், எந்தச் சிக்னலில் நெரிசல் என்று சின்னவளையே கேட்பார். முன்பெல்லாம் அவர் எது பேசினாலும் பெரியவள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். அவள் தட்டில் இருப்பதைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

தங்கையிடம் ஒரு குற்றம் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற வெறி வந்தது. ஒரு நாள் துணைக்கு வருகிறேன் என்று பக்கத்தில் ஏறிக்கொண்டு, அவள் எங்கே தவறுகிறாள் என்று கொக்கு மாதிரி காத்திருந்தாள். சின்னவள் மஞ்சள் விளக்குக்கே நின்றாள். பள்ளிக்கூட வாசலில் ஊர்ந்தாள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தே காதைக் கிழித்தபோதும் அசையவில்லை. பெரியவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது.

அப்போதுதான் போன் யோசனை வந்தது. ஓட்டும்போது போனை எடுத்தால் அன்றோடு சாவியைப் பிடுங்கிவிடுவேன் என்று அப்பா முதல் நாளே சொல்லியிருந்தார். பத்து பத்துக்குத் தங்கை பாலத்துத் திருப்பத்தில் இருப்பாள் என்பது பெரியவளுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டாள். சின்னவள் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "ஓட்டிட்டு இருந்தேன்க்கா, என்ன விஷயம்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள் பெரியவள். மறுநாளும் கூப்பிட்டாள், அன்றும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஒருமுறை கூப்பிட்டுத் துண்டித்துவிட்டு, உடனே மறுபடியும் கூப்பிட்டாள்.

"அக்கா?" என்றது தங்கையின் குரல்.

பெரியவளுக்கு ஒரு நொடி மனசு துள்ளியது. மறுநொடி பிரேக் கிறீச்சிடுகிற சத்தமும், இரும்பு நசுங்குகிற சத்தமும் கேட்டன. பிறகு போனில் எதுவுமே கேட்கவில்லை.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாளா என்றுகூட அவளுக்கு நினைவில்லை. பாலம் வரைக்கும் ஓடினாள். காரின் ஒரு சக்கரம் நடைபாதையில் ஏறி நின்றது. பக்கத்தில் முன்சக்கரம் வளைந்து ஒரு சைக்கிள் கிடந்தது. அதில் வந்த பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார் ஒருவர் மணிக்கட்டைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் திருத்தியிருந்த விடைத்தாள்கள் தெரு முழுக்கப் பறந்துகொண்டிருந்தன. சின்னவள் அழுதுகொண்டே அவரைத் தாங்கிப் பிடித்திருந்தாள். பெரியவள் குனிந்து தாள்களைப் பொறுக்கத் தொடங்கினாள். யார் முகத்தையும் பார்க்காமல் இருக்க அந்த வேலை தோதாக இருந்தது.

வாத்தியாரின் மணிக்கட்டில் எலும்பு விரிசல் கண்டிருந்தது. நல்ல மனிதர், புகார் எதுவும் கொடுக்கவில்லை. சின்னவள் அப்பாவிடம் போய், போனை எடுத்தது தன் தப்பு என்று தானே சொன்னாள். யார் கூப்பிட்டது என்று சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. சாவியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். விரிப்புகளை வாடகை வண்டியில் அனுப்ப ஏற்பாடு செய்தார். வாத்தியார் கை சரியாகும் வரை தினமும் சாயங்காலம் போய் அவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சின்னவளுக்கு உத்தரவு போட்டார்.

பெரியவள் கேட்டது கிடைத்துவிட்டது. தங்கை மறுபடியும் இஸ்திரி மேசைக்கு வந்து சேர்ந்தாள். ஆனால் வயிற்றெரிச்சல் அடங்கினபாடில்லை. உன் மகள் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று வாத்தியார் அப்பாவிடம் சொன்னாராம். கையை உடைத்தவளுக்கும் பாராட்டா என்று பெரியவள் பொருமினாள். உடைத்ததில் பாதி தன் கை என்பதும் கூடவே உறுத்தியது.

ஒரு மதியம் இருவரும் ஒரு பெரிய விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் பெரியவளால் அடக்க முடியவில்லை.

"நான்தான் கூப்பிட்டேன்னு ஏன் அப்பாகிட்ட சொல்லல?"

"எடுத்தது நான்தானே?"

"மொத ரெண்டு நாள் எடுக்கல. அன்னைக்கு மட்டும் ஏன் எடுத்தே?"

சின்னவள் விரிப்பை நீவிவிட்டாள். "அப்பாவுக்கு அன்னைக்குக் காலைல தோள் வலி அதிகமா இருந்துச்சு. நீ அடுத்தடுத்து ரெண்டு தடவை கூப்பிட்டதும் அவருக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன். நீ சும்மா கூப்பிடுற ஆளாக்கா?"

பெரியவளுக்கு முகம் சுண்டிப்போனது. தன்னை அவ்வளவு நல்லவளாக நினைத்துத்தான் தங்கை போனை எடுத்திருக்கிறாள். விரிப்பை அப்படியே விட்டுவிட்டு அப்பாவிடம் போனாள். பாலத்துத் திருப்பம், பத்து பத்து, மூன்று நாள் கணக்கு, எதையும் மறைக்கவில்லை. பொறாமை என்ற வார்த்தைதான் வாயில் வர நேரமானது, அதையும் சொன்னாள்.

அப்பா கத்தவில்லை. "ஓட்டுறவ மட்டும் ஒழுங்கா இருந்தா பத்தாதுன்னு நான் சொல்லித்தரல" என்றார். பிறகு அவளையே வாத்தியார் வீட்டுக்கு அனுப்பி நடந்ததைச் சொல்லவைத்தார். அவள் லைசென்ஸ் எடுத்தாலும் முதல் மூன்று மாதம் பக்கத்து சீட்டில் சின்னவள்தான் உட்கார்ந்து வழி நடத்துவாள் என்றார். பெரியவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறு இருந்திருக்க முடியாது.

மூன்றாம் பரீட்சையில் அவள் தேறினாள். மறுநாளே அப்பா அலமாரியைத் திறந்து சாவியைக் கொடுத்தார். போன்கள் இரண்டையும் பின்சீட்டு மூட்டைக்கடியில் செருகிவிட்டுக் கிளம்பினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் சின்னவள், "கண்ணாடி" என்பாள். பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பாள். ஒருமுறை அப்படிப் பார்த்தபோது இடப்பக்கம் ஒரு கிழவர் தள்ளாடும் சைக்கிளில் வண்டியை ஒட்டி வந்துகொண்டிருந்தார். அவர் கடந்து போகும் வரை நின்றாள்.

இன்று பெரியவளுக்கு முப்பது வயது. கடையின் இரண்டு வண்டிகளில் ஒன்றை அவள் ஓட்டுகிறாள், இன்னொன்றைத் தங்கை. அந்தப் பாலத்து விபத்துக்குப் பிறகு இருவர் வண்டியும் யார் மேலும் பட்டதில்லை. மருத்துவமனை வாசலில் சின்னவள் ஒரே வீச்சில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தும்போது மட்டும் பெரியவளுக்கு உள்ளே சுருக்கென்று ஏதோ குத்தும். அவளுக்கு இன்னமும் மூன்று தடவை முன்னும் பின்னும் போனால்தான் வண்டி நேராக நிற்கும்.