மாட்டுக் கொழுப்பு போட்ட கொட்டகை

அப்பா செத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, நான் என் தங்கச்சியைப் பார்த்துப் பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன். அப்பாவுக்காக ஒழுங்காக அழக்கூட இல்லை. அழுகை இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பொறாமைதான் உட்கார்ந்திருந்தது.

தென்னேரிப் பக்கம் எங்களுக்கு இரண்டு கோழிக் கொட்டகை. வளர்ந்த கோழியையெல்லாம் பெரிய காஞ்சிபுரத்தில் கறிக்கடை வைத்திருக்கும் பாய் எடுத்துக்கொள்வார். தீனியை அப்பாவே கலப்பார். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கடைசி இரண்டு வாரம் எடை ஏறக் கொஞ்சம் கொழுப்பு. அந்தக் கொழுப்பு மீன் எண்ணெய் மட்டும்தான். எட்டாவதோடு நின்ற நாளிலிருந்து அப்பாவோடு தீனி புரட்டியவன் நான். தங்கச்சி காலேஜ் போனவள். ஆனால் அப்பா போனதும் பாய் போன் செய்தது அவளுக்கு.

"தீனி அதேதானம்மா?"

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அப்பாவின் இடம் எனக்குத்தான் என்று பாய் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது.

ஆளுக்கு ஒரு கொட்டகை என்று பிரித்துக்கொண்டோம். மீன் எண்ணெய் கூடினால் கறியில் வாசம் வரும் என்று அவள் பயந்து பயந்து ஊற்றினாள். நான் வாலாஜாபாத்தில் ஒரு வியாபாரியிடம் உருக்கிய மாட்டுக் கொழுப்பு டின் வாங்கி வந்தேன். பாய் மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்தானே, இதில் என்ன தப்பு என்று நினைத்தேன்.

"வாணாண்ணா. பாய்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடு."

"நீ உன் கொட்டாய பாரு, போ."

என் கோழிகள் நன்றாகக் கனத்தன. பாய் வந்து ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

"பரவால்லயே தம்பி, உங்கப்பா வளத்தா மாதிரியே இருக்குது! இன்னா போட்டே?"

இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

பாய் கோழியைக் கீழே விட்டார். "யார் அறுத்த மாடு?"

"தெரியல பாய்."

"அறுத்ததா, தானா செத்ததா? பன்னிக் கொழுப்பு எதுனா சேத்து உருக்கினாங்களா?"

அதுவும் தெரியவில்லை. டின்னில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"எங்க முறைப்படி அறுக்காத மாடு எங்களுக்கு ஆவாதுப்பா. மீனுக்கு அந்த அறுக்கிற பேச்சே இல்ல. அதனாலதான் உங்கப்பா அத வுட்டு நகரல." அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "மூணு நாள் அடச்சி வச்சி சுத்தமான தீனி போடு. எங்க பெரியவங்க சொன்ன வழி அது. அப்பறம் எடுத்துக்கறேன்." பிறகு தங்கச்சியைப் பார்த்தார். "நீ பாத்துக்கம்மா."

"நானும்தான் பாய் கவனிக்காம வுட்டுட்டேன்," என்றாள் அவள்.

என் தப்பில் பாதியை அவள் எடுத்துக்கொண்டாள். அப்பா இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார். அதில்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

மூன்று நாளும் தீனித் தட்டுகளைச் சுரண்டிக் கழுவி, அவள் கலந்து கொடுத்ததையே போட்டேன். நாலாம் நாள் காலை வண்டி வந்தது.

"இன்னாம்மா, ஏத்தலாமா?" என்றார் பாய்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைத் தூக்கவில்லை.

"ஏத்துங்க பாய்."

அவ்வளவுதான், அப்பாவின் இடம் அவளுக்கென்று முடிந்துவிட்டது என்று தெரிந்தது. அவளுக்குக் கோழி பிடிக்க வராது. இறக்கை அடித்தாலே கையை விட்டுவிடுவாள். வண்டிக்காரர்களை வெளியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, இரண்டு கொட்டகைக் கோழிகளையும் நான் ஒருவனே பிடித்து ஏற்றினேன்.