சமாதிக் கல்லுக்குப் பத்துப் போடுகிறவன்

சமாதிக் கல்லை வெயிலும் மழையும் கெடுப்பதைவிட, சொந்தக்காரர்களின் அன்பு கெடுப்பதுதான் ஜாஸ்தி. எண்ணெய் ஊற்றுகிறார்கள், பால் ஊற்றுகிறார்கள், கல்லின் மேலேயே கற்பூரம் ஏற்றுகிறார்கள், பிறகு குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலப் புளி போட்டுத் தேய்க்கிறார்கள். அதற்கப்புறம்தான் எனக்கு போன் வருகிறது.

நான் திருவண்ணாமலையில் கிரானைட் சமாதிகளையும் கல்லறைகளையும் சுத்தம் செய்து, பாலிஷ் போட்டு, அழிந்த எழுத்துக்குத் தங்கக் கலர் நிரப்பித் தருகிறவன். முன்பு வேங்கிக்கால் பக்கம் புது வீடுகளில் சமையல் மேடைக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வேலையைப் பார்த்துத்தான் எனக்குப் பெண் கொடுத்தார்கள். அப்புறம் ஒருவர் தன் அப்பா சமாதியைத் துடைத்துத் தரச் சொன்னார், அதைப் பார்த்து இன்னொருவர் கூப்பிட்டார், சமையல் மேடை கையை விட்டுப் போய்விட்டது.

அன்றிலிருந்து என் மாமனார் எங்கள் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. மகளைப் பார்க்க வருவார். கேட்டுக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்தபடியே பேசுவார். ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். சாவுத் தீட்டு தினமும் வந்து போகிற வீடு என்பது அவர் கட்சி. பின்பக்கக் குழாயில் குளித்துவிட்டுத்தான் நான் உள்ளே வருகிறேன் என்று என் மனைவி மலர் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். சொம்பில் தண்ணீர் கொண்டுபோவாள், அப்படியே திரும்பக் கொண்டுவருவாள். அதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். செய்கிற வேலையைச் சபையில் சொல்ல முடியாமல் விழிக்கிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நல்ல கம்பெனி

மாமனார் வீட்டுக்குத்தான் வர மாட்டாரே தவிர, வெளியில் என்னை விட்டுக்கொடுக்க மாட்டார். ஒரு கல்யாணப் பந்தியில் அவருடைய பங்காளி ஒருவர் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, "கிரானைட் கம்பெனில சூப்பர்வைசராமே, உங்க மாமா சொன்னாரு" என்றார். நான் எதிர் வரிசையில் இருந்த மாமனாரைப் பார்த்தேன். அவர் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாங்க என்று சொல்லிவைத்தேன்.

வேலை எப்படி என்று கேட்டார். சத்தமே இருக்காது என்றேன். ஆட்கள் தொந்தரவு? யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்றேன். நான் சொன்னதில் ஒரு பொய்யும் கிடையாது. மனிதருக்கு அப்படி ஒரு திருப்தி. கை கழுவப் போகும்போது என் தோளைத் தட்டிச் சொன்னார்: "எங்க சின்னவனையும் அங்கயே சேத்து வுட்டுடுங்க மாப்ள. ஒரு தபா உள்ள போயிட்டா அப்புறம் யாரும் வெளிய அனுப்ப மாட்டாங்கன்னு உங்க மாமா சொல்றாரு."

பக்கத்துக் கல்

கல்லறைத் திருநாள் நெருங்கினால் எனக்குச் சாப்பிட நேரமிருக்காது. எல்லோருக்கும் ஒரே நாளில் வேண்டும். அப்படி ஒரு அவசரத்தில் ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் போனில் சொன்னார்: "வேப்ப மரத்துக்குப் பக்கத்து வரிசை, ஆரோக்கியசாமின்னு பேரு இருக்கும், எங்க வீட்டுக்காரரு." போனேன், ஆரோக்கியசாமியைக் கண்டுபிடித்தேன், மெழுகு சுரண்டி, காக்கை எச்சம் கழுவி, கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டு வந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு என் வேலை எனக்கே பிடித்திருந்தது.

மறுநாள் டீச்சர் வரச் சொன்னார். அதே வரிசையில் நாலு கல் தள்ளி இன்னொரு ஆரோக்கியசாமி இருந்தார். அவர்தான் டீச்சர் வீட்டுக்காரர். காக்கை எச்சத்தோடு அப்படியே இருந்தார். நான் பளபளப்பாக்கியது அவருடைய சித்தப்பா மகனை. இரண்டு குடும்பத்துக்கும் வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை அறுந்து பல வருஷம் ஆகிறதாம். நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். டீச்சர் கோபப்படவில்லை. இரண்டு கல்லையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உயிரோட இருந்தப்பவும் மொதல்ல அவங்க வீட்டுக்குத்தான் வெள்ளையடிப்பாங்க. இவரு திண்டாடினு இருப்பாரு. நீங்க புதுசா ஒண்ணும் பண்ணலப்பா."

தியானம்

கருங்கல்லில் இறங்கிய எண்ணெயைத் துடைத்து எடுக்க முடியாது. சுளுக்குக்குப் போடுவது மாதிரி மாவைக் குழைத்துப் பத்துப் போட்டு, காயும்வரை காத்திருக்க வேண்டும். காய்கிற மாவு எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். காத்திருப்பதில் எனக்குத் திறமை அதிகம். கிரிவலப் பாதை ஓரம் ஒரு சாமியாரின் சமாதிக்குப் பத்துப் போட்டுவிட்டு, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மதியம் மட்டன் குழம்பு சாப்பிட்டிருந்தேன். கண் செருகிவிட்டது.

விழித்துப் பார்த்தால் எனக்குப் பின்னால் வெள்ளைக்காரர்கள் மூன்று பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து ஒரு ஆந்திரா குடும்பமும் உட்கார்ந்திருக்கிறது. ஒரு அம்மா என் முன்னால் வாழைப்பழம் வைத்திருக்கிறார். என் குறட்டை அவர்களுக்கு என்ன மந்திரமாகக் கேட்டதோ தெரியவில்லை. பதறி எழுந்திருக்கப் போனவனை, எதிர் மரத்தடியில் டீ போட்டுக்கொண்டிருந்த அக்கா கண்ணாலேயே அமுக்கிவிட்டு, டம்ளரோடு கிட்டே வந்து காதில் சொன்னார்: "எழுந்துக்காத, இன்னும் கொஞ்ச நேரம் தூங்கு. இப்பத்தான் எனக்கு யாவாரம் ஆவுது."

விபூதி

அடி அண்ணாமலையில் ஒரு பெரியவர் சமாதி. சென்னையில் இருக்கிற மகன் போன் செய்து, அம்மாவுக்குத் தெரியாமல் சுத்தம் செய்துவைக்கச் சொன்னார். காலையில் விளக்கேற்ற வரும்போது அம்மா பார்த்து சந்தோஷப்படட்டும் என்று அவருக்கு ஆசை. கல் இடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. போர் தண்ணீர் உப்பும் அடியில் போட்ட சிமென்ட்டும் சேர்ந்தால் அப்படித்தான் பூக்கும். ஒரு பொட்டு விடாமல் எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்தார். "எங்க வீட்டுக்காரரு இத்தினி வருஷமா விபூதி குடுத்துனு இருந்தாரு. பௌர்ணமிக்கு நடக்கறவங்கல்லாம் எடுத்து இட்டுனு போவாங்க. நீ ஒரே நாள்ல நிறுத்திட்ட" என்றார். நான் உப்பு, சிமென்ட் என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். ஊரே சுற்றி நின்றது. சாமி கொடுத்ததைத் துடைத்துவிட்டு நிற்கிறவனுக்கு என்ன விளக்கம் இருக்கிறது? தினமும் போர் தண்ணீரிலேயே கழுவுங்கள், வரும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். சுத்தம் செய்கிறவனே கறை வரவழைக்க வழி சொல்லிக்கொடுத்தது, எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். சில மாதம் கழித்து அந்த அம்மாவே போன் செய்தார். குரலில் பழைய கோபம் இல்லை. "மறுபடியும் குடுக்க ஆரம்பிச்சுட்டாருப்பா. உம்மேல இருந்த கோவம் எறங்கிடுச்சு போல."

முகம்

கறுப்பு கிரானைட்டில் நன்றாக பாலிஷ் ஏறினால் பார்க்கிறவர் முகம் தெரியும். ஒரு மருமகள், மாமியார் சமாதியில் வேலை முடிந்ததும் வந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே குனிந்து பொட்டைச் சரிசெய்தார், முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார், இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். திருப்தியா என்று கேட்டேன். "எங்க மாமியாரு எம் மூஞ்ச இவ்ளோ நேரம் பாத்ததே இல்ல" என்றார்.

சாம்பல் கலர்

என் மாமியாரின் சமாதி அவர்கள் கிணற்று மேட்டிலேயே இருக்கிறது. நல்ல கறுப்புக் கல். ஊரில் எல்லாக் கல்லையும் தொடுகிற நான் அந்த ஒரு கல்லை மட்டும் தொடக் கூடாது என்று மாமனார் தடை போட்டிருந்தார். அமாவாசைக்கு அமாவாசை அவரே எண்ணெய் ஊற்றி, அவரே தேய்ப்பார். ஒருநாள் மலர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா அழுவுறாரு, நீ போயி பாரு" என்றாள். கறை போகவில்லை என்று கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டிருக்கிறார். பாலிஷ் செத்துப்போய், தங்க எழுத்து கரைந்து, மாமியார் பெயரே படிக்க முடியாமல் போய்விட்டது.

மெஷினை எடுத்துக்கொண்டு போனேன். அவர் என்னைப் பார்க்காமல் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். நானே கல்லுக்கு முன்னால் மெஷினை இறக்கிவைத்தேன். ஊருக்கெல்லாம் வாய் கிழிய யோசனை சொல்கிற நான் அன்றைக்கு என் வேலையிலேயே சறுக்கினேன். பெயரில் முதல் எழுத்துக்கே தங்கக் கலர் வழிந்து, துடைத்து மறுபடி எழுதினேன். பொழுது சாயும்போது பெயர் வந்துவிட்டது, பளபளப்பும் பெரும்பாலும் வந்துவிட்டது. ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் மங்கலாகவே இருந்தது. திரும்பத் திரும்ப மெஷின் வைத்தும் மசியவில்லை. மாமனார் எழுந்து பக்கத்தில் வந்தார். "அத உட்டுடுங்க மாப்ள. அது நான் தேச்ச எடம், இருக்கட்டும்" என்றார்.

அடுத்த வாரம் வழக்கம்போல வண்டி வந்து கேட்டில் நின்றது. மலர் வழக்கம்போல சொம்பைக் கொண்டுபோனாள். அவர் வண்டியை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, சொம்பை வாங்கி முழுசாகக் குடித்தார். மனசு மாறுவதற்குள் தோசை போட்டுவிட வேண்டும் என்று மலர் சமையலறைக்கு ஓடினாள். நான் டிவியை ஆன் செய்தேன், ஆஃப் செய்தேன். அவர் இரண்டாவது தோசையைப் பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்குக் கறுப்புக் கல்லு வேணாம் மாப்ள, கறை ஜாஸ்தி தெரியும். சாம்பல் கலரே போடுங்க. நீங்கதான தொடைக்கணும்."

மாசக்கணக்கில் வேலை இல்லாமல் உட்கார்ந்தாலும் பரவாயில்லை, அந்த ஒரு ஆர்டர் மட்டும் லேட்டாகவே வரட்டும் என்று தினமும் மலையைப் பார்த்துக் கும்பிடுகிற தொழிலாளி இந்த ஊரில் நான் ஒருவன்தான் இருப்பேன்.